பினாங்கில் நான் எடுத்த பூ

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது புதிதாக ஒரு வியாதி வந்திருக்கிறது, கவனித்திருப்பீர்கள். முட்டிவலி, சர்க்கரையெல்லாம் பழைய கதை. இது வெளிநாட்டு டூர். பிள்ளைகள் பணம் கட்டி விமானம் ஏற்றிவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு நாலு கோயில், கோயிலுக்கு நாற்பது போட்டோ, சாயங்காலம் கடைவீதி. திரும்பும்போது பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் பொம்மை தெருவுக்கே வந்து இறங்குகிறது. என் பிரிட்ஜ் கதவைப் பார்த்தால் நான் உலகம் சுற்றியவள் என்றுதான் நினைப்பீர்கள். திருவொற்றியூரை விட்டு நான் நகர்ந்தே பல வருஷமாகிறது.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண் பினாங்கு போய்விட்டு வந்து, போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். மலைமேல் அடுக்கடுக்காக ஒரு சீனக் கோயில். "நீங்களும் ஒரு தபா போய்ட்டு வாங்களேன்க்கா, வூட்லயே கெடந்து இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள். ஒன்பது வயதிலேயே நான் அங்கே போயிருக்கிறேன் என்றேன். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவள், ஒன்பது வயதில், அந்தக் காலத்தில் பினாங்குக்குப் போனாளாம் என்று அவள் முகமே சொன்னது. நான் வாதாடவில்லை.

போனேன். கப்பலில் போனேன். அங்கே கழிந்த ஒரு நாளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் என்றால் அறுபதைத் தாண்டியவர்களிடம். சின்னவர்களிடம் சொன்னால் "ஏதோ சின்ன வயசுல தெரியாம செஞ்சது, விடுங்க" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். நான் தெரியாமல் செய்யவில்லை.

என் அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. விடியற்காலையில் எண்ணூரில் ரயிலேறினால் இருட்டின பிறகுதான் வருவார். என்னை வளர்த்தது அத்தை, நைனாவின் தங்கை. முகத்துவாரத்தில் படகு ஒதுங்கும்போதே போய் நின்று மீன் எடுத்து, டோல்கேட் பக்கம் தெருத்தெருவாக விற்றுவிட்டு, நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீட்டில் இருப்பாள். எனக்கு அம்மா முகம் நினைவில்லை. அம்மா என்று யாராவது சொன்னால் அத்தையின் வாசனைதான் வரும். தலையில் தேங்காயெண்ணெய், கையில் மீன் கவிச்சி போகத் தேய்த்த புளி.

அத்தைக்கு அப்போது இருபத்துநாலு வயது. எங்கள் குப்பத்துக் கணக்கில் அது ரொம்ப அதிகம். வந்த வரன்களெல்லாம் "அந்தப் பொட்டப் புள்ளய யாரு பாத்துப்பா?" என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டன. அந்தப் பொட்டப் புள்ளை நான். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்க்காமல் ஒரு காரியம் செய்ய மாட்டார்கள். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, நார் சுற்றி, அம்மன் காலடியில் போட்டு, ஒரு சின்னக் குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆத்தாளின் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். புது வலை கடலில் இறக்கவும், படகில் பங்கு சேரவும், பெண் கொடுக்கவும் இதுதான். குழந்தையின் கையில் கள்ளம் இருக்காது என்பது நம்பிக்கை. எங்கள் குடும்பத்தில் அந்தக் கை என்னுடையது.

ராசியான கை என்று பெயர். எப்போது எடுத்தாலும் வெள்ளைதான் வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட என்னை இரவல் வாங்கிப் போவார்கள். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. வெள்ளைக்கு எங்கள் பக்கம் மல்லி வைப்பார்கள், சிவப்புக்கு அரளியோ செம்பருத்தியோ. கண்ணை மூடிக்கொள் என்பார்கள், மூடிக்கொள்வேன். மூக்கை மூடிக்கொள் என்று யாரும் சொன்னதில்லை. மல்லி மணக்கிற பொட்டலத்தை எடுத்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள், கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், பொரிகடலை தருகிறார்கள். எந்தக் குழந்தைதான் அதை விடும்? பெரியவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. தாங்கள் நினைத்ததையே சொல்கிற சாமியை யார் சந்தேகப்படுவார்கள்?

நைனாவின் அண்ணன், என் பெரியப்பா, சின்ன வயதிலேயே பினாங்குத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர். அங்கேயே பிறந்து வளர்ந்த பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அவர்தான் கப்பல் செலவை ஏற்றுக்கொண்டு எங்களை வரச்சொல்லி எழுதினார். "பெரியப்பாவப் பாக்கப் போறோம், அப்டியே கோயிலெல்லாம் சுத்திப் பாக்கப் போறோம்" என்று என்னிடம் சொன்னார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

கப்பலில் ஒரு வாரம். நான் முதல் நாளே வாந்தி எடுக்க ஆரம்பித்தேன். நைனாவுக்கு அவமானமாகிவிட்டது. "கடல்காரன் வூட்டுப் பொண்ணா நீ? தூ! குப்பத்துல போய்ச் சொல்லிடாத, நம்மள ஊர வுட்டே தள்ளி வெச்சிருவானுங்கோ" என்று சிரித்துக்கொண்டே திட்டினார். அத்தை எலுமிச்சம்பழத்தைக் கீறி என் மூக்கருகில் பிடித்தபடி கீழ்த்தளத்துப் படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். என் தலை அவள் மடியில். எஞ்சினின் அதிர்வு அவள் தொடை வழியாக என் காதுக்கு வந்துகொண்டே இருக்கும். வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்த அந்த வாரத்தை இன்னொரு தடவை கொடுத்தால் நான் இப்போதும் வாங்கிக்கொள்வேன்.

பெரியப்பா வீடு மரவீடு, கால்களின் மேல் நின்றது. மத்தியானமானால் மழை. "பசியாறியாச்சா? வெக்கப்படாம சாப்புடு லா" என்று, அந்த ஊர்ப் பேச்சுப்படி 'லா' போட்டு, பெரியம்மா எந்நேரமும் எதையாவது தட்டில் வைத்தபடி இருப்பார். போன ஏழெட்டாம் நாள், பெரியப்பாவின் தோஸ்து ஒருவர், சிநேகிதரிடம் வாங்கிய பழைய காரோடு வந்தார். துறைமுகத்தில் சரக்குப் பார்த்து எழுதும் வேலை. நெட்டை. வெள்ளைச் சட்டை. அன்றைக்கு எங்களைக் கோயில் கோயிலாகச் சுற்றிக்காட்டப் போவது அவர்தான் என்றார்கள். முன்னால் அவரும் பெரியப்பாவும், பின்னால் நைனா, பெரியம்மா, அத்தை, அத்தை மடியில் நான். அத்தை அன்று கப்பல்நிறப் புடவை கட்டியிருந்தாள். அந்த நீலச் சாம்பலுக்கு எங்கள் குப்பத்தில் அதுதான் பெயர். தலை குனிந்தவள் நிமிரவேயில்லை.

முதலில் பாம்புக் கோயில். உண்மையான பாம்புகள். பச்சையும் மஞ்சளுமாக, சாமி முன்னாலிருக்கும் மரக்கிளைகளில் சுற்றிக்கிடந்தன. ஊதுபத்திப் புகையில் கண் எரிந்தது. நான் அத்தையின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். "கடிக்காது பாப்பா. புகையில சொக்கிப்போய்க் கெடக்கு லா" என்று கார் கொண்டுவந்தவர் குனிந்து என்னிடம் சொன்னார். நைனா சும்மா இருப்பாரா? "நம்ம ஊர்ல பாம்பக் கண்டா கழி எடுப்பான். இங்க ஊதுபத்தி ஏத்துறான். நல்ல ஊருப்பா!" அதைக் கேட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். அவள் வயிறு என் கன்னத்தில் குலுங்கியதால் எனக்குத் தெரிந்தது.

அடுத்தது எதிர்வீட்டுப் பெண் போனில் காட்டினாளே, அந்தச் சீனக் கோயில். கீழிருந்து மேல்வரை படிகள், படிகளின் இரண்டு பக்கமும் கடைகள், தலைக்கு மேல் துணிக்கூரை. உள்ளே இருட்டாக, சூடாக இருக்கும். ரப்பர் பாம்பு, கிளிஞ்சல் ஒட்டிய சீப்பு, காகிதக் குடை, பூப்போட்ட வெந்நீர் பிளாஸ்க், ஜாதிக்காய் மிட்டாய், பச்சைத் தைலம். எண்ணூரிலிருந்து போன எனக்குக் கண் எங்கே நிற்கும்? நடுவில் ஓர் ஆமைக்குளம். நூற்றுக்கணக்கில் ஆமைகள், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கிடந்தன. கார் கொண்டுவந்தவர் ஒரு கட்டுக் கீரை வாங்கி என் கையில் கொடுத்து, கம்பிக்கு மேலே எட்டாததால் என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். நைனா என்னைத் தோளில் தூக்கியதேயில்லை. மூட்டை தூக்கித் தூக்கி அவர் தோள் காய்த்துப்போயிருந்தது, தொட்டாலே வலிக்கும். இவர் தோளிலிருந்து பார்த்தால் கடல்வரை தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவரைப் பிடித்திருந்தது. கீரை தீர்ந்த பிறகும் நான் இறங்கவில்லை.

அப்புறம் கடைகள். அத்தை கையில் பெரிய பட்டியல் இருந்தது. பக்கத்து வூட்டு அக்காவுக்கு பிளாஸ்க், அவள் மாமியாருக்குத் தைலம், மீன் எடுக்கிற இடத்துச் சிநேகிதிகளுக்குச் சீப்பு, நைனாவின் கூட்டாளிகளுக்குப் பூப்போட்ட கைலி. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கினாள். பெரியம்மா சீனமும் மலாயும் கலந்து பேரம் பேசினார். எல்லாம் முடிந்ததும் எனக்கு நாலு கவுன் எடுத்தாள். நாலும் தொளதொளவென்று முழங்காலுக்குக் கீழே தொங்கின.

"அய்ய, பெரிசா கீது அத்தே."

"இருக்கட்டும். அடுத்த வருசம், அதுக்கடுத்த வருசத்துக்கெல்லாம் ஆவும்."

"அடுத்த வருசம் வாங்கிக்கலாமே?"

கவுனை என் தோளில் வைத்து அளவு பார்க்கிற சாக்கில் என் முகத்தைத் தடவினாள். "உனுக்கு ஒண்ணும் வாங்கிக்கல?" என்று கேட்டேன். "எனுக்கு இன்னாத்துக்கு?" என்றாள். அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எங்கள் வீட்டு அலமாரிக்கு அத்தை ஒரு சாமான்கூட எடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அவர் ஒரு விசிறியோடு வந்தார். சந்தன மரத்தில் சல்லடையாகச் செதுக்கிய, மடக்குகிற விசிறி. நேராக அத்தையிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டி, "அத்தைக்குக் குடு பாப்பா, வேர்க்குது பாரு" என்றார். நான் கொடுத்தேன். அத்தை வாங்கி, விரித்து, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். பெரியவர்களுக்கு விசிறிதான் தெரிந்தது. நான் குள்ளச்சி, கீழேயிருந்து பார்த்தேன். விசிறிக்குப் பின்னால் அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை அவளிடம் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பின்னாலும் பார்த்ததில்லை.

கோயிலுக்குள்ளே ஒரு சீனக் கிழவி மூங்கில் குடுவையைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே நிறையக் குச்சிகள். ஒன்று வெளியே குதித்து விழுந்ததும் அதை எடுத்துப்போய்க் காட்டி, சாமி என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். நைனா அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, நாமளும் ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுரலாம். எம்மாந்தூரம் வுட்டுட்டுப் போறது? ஆத்தா உத்தரவு குடுத்தா எனுக்குப் பேஜாரு இல்ல" என்றார். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. எல்லாம் பேசி முடித்தாயிற்றே என்பது அவர் எண்ணம். ஆனால் ஆத்தாளைக் கேட்க வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வார்?

எனக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. யாரை விட்டுவிட்டுப் போவது? பெரியம்மாதான் உடைத்தார். ஒரு கடையில் ஐஸ் போட்ட சர்பத் குடித்துக்கொண்டிருந்தோம். "ஏன் லா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? அத்தைக்கு இங்க கல்யாணம் ஆனா நீயும் லீவுக்குக் கப்பல்ல வரலாம். அந்த மாமா ஒன்னய தோள்லயே தூக்கிட்டுத் திரிவாரு" என்றார். சர்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். நாலு கவுனும் ஏன் பெரிது என்று அப்போது விளங்கியது.

அதற்குப் பிறகு படுத்திருக்கும் புத்தரைப் பார்க்கப் போனோம். பொன்னிறத்தில் ஒரு தெருநீளம் படுத்திருந்தார் என்று நைனா ஊரில் எல்லோரிடமும் சொல்லுவார். எனக்குப் புத்தரின் பாதம்தான் நினைவிருக்கிறது. பாதத்துக்குப் பக்கத்தில் அத்தையை இழுத்து நிறுத்தி, "நீ இங்கயே இருந்துடுவியா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா?"

"சொல்லு. இருந்துடுவியா?"

அவள் உட்கார்ந்து என் கவுன் பொத்தானைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. "ஆத்தா இன்னா சொல்றாளோ அதான். நீ தானே எடுக்கப் போற? உன் கை ராசியான கையாச்சே!" என்று சொல்லிவிட்டு என் உள்ளங்கையில் முத்தம் வைத்தாள். அவள் என்ன வேண்டுகிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒன்பது வயதுக்கு இதுகூடத் தெரியாதா?

சாயங்காலம் ஊருக்குள் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். காலையிலிருந்து புரியாத சாமிகளையெல்லாம் கும்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு அந்த வாசலில் சாம்பிராணி வாசம் வந்ததும் எங்கள் ஊருக்கே வந்ததுபோல் இருந்தது. நைனா கண் கலங்கிவிட்டார். பெரியம்மா வாசலில் மல்லியும் செம்பருத்தியும் வாங்கி, இலை கிடைக்காததால் செய்தித்தாளைக் கிழித்து இரண்டு பொட்டலம் மடித்தார். குருக்கள் அவற்றை அம்மன் பாதத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினார். கார் கொண்டுவந்தவர் ஒரு தூண் பக்கத்தில் கைகட்டி நின்றார். அத்தை விசிறியை மடக்கி இரண்டு கைக்குள்ளும் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, கண்ண மூடிக்கினு ஒண்ண எடு" என்றார் நைனா.

மூடிக்கொண்டேன். குனிந்தேன். இடது பக்கம் மல்லி மணந்தது. சந்தேகமேயில்லை. வழக்கமாகக் கை தானாகப் போகும். அன்று நான் கையைப் பிடித்து இழுத்து வலது பக்கம் கொண்டுபோனேன். அந்த வாசனையில்லாத பொட்டலத்தை எடுத்து நைனாவிடம் நீட்டினேன்.

காகிதம் பிரிகிற சத்தம். கண்ணைத் திறந்தால் நைனாவின் கையில் செம்பருத்தி.

என் கை எடுத்து முதன்முதலாகச் சிவப்பு வந்தது. அதனால்தான் எல்லோரும் அப்படி நம்பினார்கள். எப்போதும் வெள்ளை எடுக்கிற கையே சிவப்பு எடுத்துவிட்டதென்றால் ஆத்தா எவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்! நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். "கொழந்தைக்கே மனசு தாங்கல பாரு லா" என்று பெரியம்மா என்னை அணைத்துக்கொண்டார். பெரியப்பா கோபத்தில் வெளியே போய்விட்டார். தூண் பக்கம் நின்றவர் மட்டும் அம்மனை ஒருமுறை பார்த்துக் கும்பிட்டு, குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டு, என் தலையில் கை வைத்து, "பயப்படாதே பாப்பா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துவரப் போனார். வீட்டில் இறங்கியதும் அத்தை விசிறியைப் பெரியம்மாவிடம் கொடுத்து, "அவருகிட்ட குடுத்துருங்க அண்ணி" என்றாள். அந்த விசிறி பிறகு என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ கடைகளில் தேடியிருக்கிறேன். அந்த மாதிரிச் செதுக்கு வேலை கிடைக்கவில்லை.

திரும்புவதற்கு இரண்டு டிக்கெட்தான் எடுத்திருந்தார்கள் என்று அப்புறம் தெரிந்தது. மூன்றாவதுக்குப் பெரியப்பா நாலு நாள் அலைந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அத்தைக்கு டிக்கெட்டே எடுக்காமல் முடிவு செய்தவர்கள் ஆத்தாளை எதற்குக் கேட்டார்கள்? கேட்பதென்றால் அத்தையைக் கேட்டிருக்கலாமே? அவள் வாயைத் திறந்து சொல்லியிருப்பாளே. ஒன்பது வயதுக் குழந்தையிடம், உன்னை வளர்த்தவளை இங்கே விட்டுவிட்டு வரப்போகிறோம் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல், அந்தக் குழந்தையின் கையிலேயே பொட்டலத்தைக் கொடுத்தார்களே, அது என்ன புத்தி? நைனா மேல் எனக்குப் பிரியம் உண்டு. இந்த ஒன்றை மட்டும் மன்னிக்க முடியவில்லை. என்னை மன்னிக்க முடியாததால் அவரைப் பிடித்துக்கொள்கிறேனோ என்னவோ.

கப்பலில் திரும்பும்போது நான் வாந்தி எடுக்கவில்லை. அத்தை மடியிலேயே கிடந்தேன். "நீ இன்னா பண்ணுவ பாப்பா, ஆத்தா சொன்னத எடுத்த" என்று அவள் என்னைச் சமாதானம் செய்தாள். எனக்கு அன்று சந்தோஷம்தான். ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

விஷயம் குப்பம் முழுக்கப் பரவியது. ஆத்தா தடுத்த பொண்ணு என்று அத்தைக்குப் பெயர் வந்தது. வந்த ஒன்றிரண்டு வரன்களும் அதைக் கேட்டுப் பின்வாங்கின. மூன்று வருஷம் கழித்து, விசிறி வாங்கித் தந்தவருக்கு அங்கேயே கல்யாணமாகிவிட்டதாகப் பெரியம்மா கடிதம் எழுதியிருந்தார். நான்தான் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். நாலு கவுனும் ஒவ்வொரு வருஷமாக எனக்குப் பொருந்தி, பிறகு கிழிந்தும் போயின. என்னைக் கட்டிக் கொடுத்தது அத்தை, பிரசவம் பார்த்தது அத்தை. என் கல்யாணத்தன்று, மாலையும் கழுத்துமாக நான் மேடையில் நிற்க, அவள் கீழே நின்று கைதட்டிச் சிரித்தபோதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு முழுசாக உறைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லிவிடப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்து போய்விடுவேன்.

அத்தைக்கு இப்போது எழுபத்தேழு தாண்டிவிட்டது. என்னோடுதான் இருக்கிறாள். எதிர்வீட்டுப் பெண் படம் காட்டிய அன்று அத்தையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் போனைப் பார்த்தாள். "ஆயா, நீங்களும் போனீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"போனேன். கட்டிக் குடுக்கக் கூட்டிகினு போனாங்கோ. ஆத்தா வேணாம்னுட்டா. அந்தாளு குடிகாரனோ, கூத்தியா வெச்சிருந்தானோ, யாரு கண்டா? ஆத்தா தான் காப்பாத்துனா என்னிய."

இந்தப் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று ஏனோ பொறுக்கவில்லை. என்னைத் தோளில் வைத்துக் கடலைக் காட்டிய மனுஷன் ஐம்பது வருஷமாக எங்கள் வீட்டில் குடிகாரனாக இருக்கிறார். எதிர்வீட்டுப் பெண் போனதும் கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். மல்லி மணந்ததை, கையை இழுத்ததை, ஒன்றுவிடாமல்.

அத்தை கண்ணாடியைக் கழற்றினாள். "அப்போ ஆத்தா ஒண்ணுமே சொல்லலியா?"

"இல்ல அத்தே."

"மெய்யாலுமே?"

"மெய்யாலுமே. நான்தான்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். "இத்தினி வருசமா ஏதோ கெட்டதுலேர்ந்து தப்பிச்சேன்னு நெனச்சுகினு கீறேன்டி. இனிமே இன்னாத்த நெனச்சுக்கிறது?" என்றாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. தானே எழுந்து டீ போட்டுக் குடித்துக்கொண்டாள். எழுபத்தேழு வயதில் அவள் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து நான் உள்ளே போய் அழுதேன். மூன்றாம் நாள் காலையில் நெத்திலி வாங்கியிருந்தேன். அத்தை தானாக வந்து எதிரே உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு கை அள்ளி, தலை கிள்ள ஆரம்பித்தாள். நிமிராமலே கேட்டாள்.

"அவரு மூஞ்சி உனுக்கு நெனப்பு கீதா?"

"கீது அத்தே."

"நான் ஒரு தபா கூட நேரா பாக்கல. அண்ணனுங்க ரெண்டு பேரும் கூடவே இருந்தாங்கோ, எப்டி நிமிர்றது? கார்ல பின்னாங்கழுத்து தான் தெரிஞ்சுது. எப்டி இருந்தாரு?"

சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மாநிறம். காது கொஞ்சம் பெரிசு. சிரித்தால் கண் இடுங்கிவிடும். முன்பல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டாள்.

"மீசை?"

"மீசை இல்ல அத்தே. மழமழன்னு வழிச்சிருந்தாரு."

கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. "இல்லியா?"

"இல்ல."

"நான் மீசையோட தான மனசுல வெச்சுகினு கீறேன், இத்தினி வருசமா" என்றாள். அப்புறம் அடுத்த மீனை எடுத்தாள்.

"சரி, வுடு. இனிமே மீசைய எடுத்துட்டு நெனச்சுக்கிறேன்."